விடியாத ஏழு மணியும் வடக்குக் குளங்களும்

பிப்ரவரி மாதத்தில் கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கு வானம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். தித்திவங்சா ஏரிக்கரையில் எதிரே நடந்து வருபவரின் முகம் தெரியாது, காலணிச் சத்தம்தான் கேட்கும். சூரியன் எட்டிப் பார்க்க 7.25 ஆகிவிடும். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் காலையில் கைக்கடிகாரத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். குழப்பத்துக்குக் காரணம் அரசாங்கம். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று மகாதீர் அரசு முடிவு செய்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் உச்சி வெயில் ஏறக்குறைய ஒன்றே கால் மணிக்குத்தான் வருகிறது.

இதில் ஒரு லாபம் உண்டு. மாலை ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. அலுவலகம் முடிந்து, நெரிசலில் ஊர்ந்து, வீட்டில் பையைப் போட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடி இரண்டு சுற்று நடக்க அந்த வெளிச்சம் போதும்.

பின்லாந்திலும் கனடாவிலும் ஏரிக்கரை ஊர்க்காரர்கள் வருடத்தைப் பருவங்களாகப் பிரித்துக்கொள்வார்கள்: படகுக்கு ஒரு காலம், உறைந்த ஏரியில் சறுக்க ஒரு காலம். கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பிரிவெல்லாம் ஒரே நாளுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. விடிகாலையில் 24 டிகிரி. பிற்பகல் இரண்டுக்கு 33 டிகிரி, தார்ச்சாலை மேல் அதைவிடக் கூடுதல். நாலு மணிக்குக் கறுத்துக் கொட்டும் மழை. ஆறு மணிக்குக் கழுவிவிட்ட வானம். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஏப்ரலை ஒட்டி ஒரு தரமும், அக்டோபர், நவம்பரில் இன்னொரு தரமும் மழை உச்சத்துக்குப் போகும். அந்த மாதங்களில் மாலை நடை என்பது சூதாட்டம்தான்.

"அண்ணே, ஒரு ரவுண்டு போதும். வானம் சரியில்ல."

"இன்னொரு ரவுண்டு போலாம் தம்பி. இடி கேட்டா ஓடிரலாம்."

ஏரிக்கரையில் தினமும் நடக்கும் இந்தப் பேச்சில் தம்பி சொல்வதுதான் சரி. உலகிலேயே அதிக நாட்கள் இடி இடிக்கும் பகுதிகளில் சுபாங் வட்டாரமும் ஒன்று. திறந்த புல்வெளி, பக்கத்தில் நீர், கையில் குடை. மின்னலுக்கு இதைவிட வசதி செய்து தர முடியாது. இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் நிற்கிறோம் என்று பொருள். அப்போது ஓடுவதைவிட, முன்பே காருக்குள் உட்கார்ந்திருப்பது நல்லது.

கொசுவையும் சொல்லிவிட வேண்டும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும். வெயிலுக்குப் பயந்து ஊரே வெளியே வருவதும் அதே வேளைகளில்தான். நாட்டில் டிங்கி நோயாளிகள் எண்ணிக்கையில் வருடா வருடம் முதலிடம் சிலாங்கூருக்கு. ஆனால் பழியை ஏரி மேல் போட முடியாது. மீன் திரியும் பெரிய நீர்நிலையை ஏடிஸ் விரும்பாது. கரையில் யாரோ வீசிய தே ஆய்ஸ் கப்பில் தேங்கிய மழைநீர்தான் அதற்கு உகந்தது.

இவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் மக்கள் வெளியே வருகிறார்கள். வர ஓர் இடம் வேண்டுமே, அந்த இடம் எப்படி உண்டானது?

கோலாலம்பூரின் முதல் பொழுதுபோக்கு ஏரி பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்ஃபிரட் வென்னிங் 1888இல் 173 ஏக்கர் பள்ளத்தாக்கைக் கேட்டு வாங்கி, ஓடையை மறித்து ஏரியாக்கினார். ஏரிக்கு அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் மனைவி பெயரைச் சூட்டி சிட்னி ஏரி என்றார்கள். 1889 மே மாதம் திறப்பு விழா. அடுத்த வருடமே பக்கத்தில் ஏரி கிளப் வந்தது, உறுப்பினர்கள் ஐரோப்பியர்கள் மட்டும். மேட்டில் சுவெட்டன்ஹாமுக்கு கார்கோசா மாளிகை எழும்பியது.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் செங்கல் சூளைகள். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தபின், அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கல்லில் கட்டச் சொல்லி உத்தரவு வந்ததால் பெருகிய சூளைகள் அவை. பிறகு ரயில்வே வந்தது, தமிழர்களும் யாழ்ப்பாணத்தாரும் சிங்களரும் வேலைக்கு வந்தார்கள், குவார்ட்டர்ஸ்கள் வந்தன. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவு. ஆனால் ஒரு பக்கம் காற்று வாங்கவும், மறுபக்கம் மண் குழைக்கவும் ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று கேஎல் சென்ட்ரலிலிருந்து மூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையம் வழியாக வெயில் படாமல் அருங்காட்சியகம் வரை போய், அங்கிருந்து பாலம் ஏறி அந்த ஏரி இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குள் இறங்கிவிடலாம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். வாழையிலைக் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு எழ மனம் வராது.

நகருக்கு வடக்கே இருக்கும் குளங்களின் பிறப்பு இப்படி அழகாக நடக்கவில்லை. அவற்றை யாரும் அழகுக்காக வெட்டவில்லை. 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சுரங்கத் தொழிலாளர்கள் அம்பாங்கில் ஈயம் தேடியதிலிருந்து தொடங்கிய ஊர் இது. அடுத்த நூற்று முப்பது வருடம் பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டிப் பார்த்தார்கள். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள், கரைத்த சேற்றைப் பாலோங் என்ற மரச்சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள், மணலை அங்கேயே கொட்டினார்கள். சுங்கை பீசியில் இருந்த ஹாங் ஃபாட் சுரங்கம் ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தது, தொழிலும் விழுந்தது. மிச்சம் இருந்தவை ஈய லம்பக் குட்டைகள்: ஆழம் தெரியாதவை, கரை சரிபவை, பிள்ளைகளைப் போகவிடாமல் அம்மாக்கள் அடித்துத் தடுத்தவை.

அந்தக் குட்டைகளுக்குப் பிறகு வாய்த்த வாழ்க்கை பலவிதம். ஹாங் ஃபாட் குழி 'மைன்ஸ்' என்ற பெயரில் பேரங்காடியும் கோல்ஃப் திடலுமாகிவிட்டது. சன்வேயில் ஒரு குழி நீர் விளையாட்டுப் பூங்காவாகி, நுழைவுச் சீட்டு விற்கிறது. தித்திவங்சாவுக்கு மட்டும் வேறு அதிர்ஷ்டம். கட்டணமில்லாத பொதுப் பூங்காவாகி, நகரத்துக்கு நேர் எதிரே இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. 2007இல் மலேசியாவுக்குச் சுற்றுலா ஆண்டு வந்தபோது, 60 மீட்டர் உயரத்தில் ஒரு ராட்டினத்தை அதன் கரையில் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் அது மலாக்காவுக்குப் போய்விட்டது. ஏரியை யாரும் தேடவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், ராட்டினத்தைத்தான் தேடவில்லை.

இன்னும் வடக்கே போனால் கெப்போங், ஜிஞ்சாங், பத்து. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்காவை 'பட்டம் விடும் இடம்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு மாலையில் வானத்தில் திருக்கை மீனும் பறவையும் டிராகனும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பறக்கும். கரையில் பாய் விரித்த குடும்பங்கள், ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள்கள், பட்டம் தொங்கவிட்ட கடைகள். நூல் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் அழ, அப்பாக்கள் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்ப்பார்கள். காற்று இங்கே தாராளமாக வீசுவதற்குக் காரணம் எளிது. சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் மட்டும் எதுவும் இல்லை. அந்த 'எதுவும் இல்லை'தான் இந்த இடத்தின் வேலை. இது வெள்ளநீர் பிடிக்கும் குளம்.

கனமழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் புரியும். நீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். கரைப்புல்லில் நீர்மட்டத்துக்கு மேலே கிடைக்கோடாக ஒரு குப்பை வரிசை ஓடும்: போலிஸ்டைரின் துண்டு, மினரல் பாட்டில், ஒற்றைச் செருப்பு, தேங்காய் மட்டை. நேற்று இரவு நீர் அதுவரை ஏறி இறங்கியிருக்கிறது என்று கணக்கு. அந்தக் கோட்டுக்கு மேலே உடும்பு ஒன்று, இங்கத்திய பேச்சில் பியாவாக், வயிறு தரையில் பட வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நடப்பவர்கள் ஒதுங்கிப் போவார்கள், அது ஒதுங்காது.

வேலை நடக்கும் விதம் இது. ஆறு ஓர் அளவுக்கு மேல் பொங்கினால், பக்கவாட்டில் கட்டிய தடுப்பின் மேல் வழிந்து குளத்துக்குள் விழும். நகரத்தின் நடுவே ஆறு தணிந்தபிறகு குளத்து நீரை மெல்ல வெளியே விடுவார்கள். கோம்பாக் ஆற்றின் வெள்ளத்தைப் பத்து குளத்துக்கும், கெரோ ஆற்றின் வெள்ளத்தை ஜிஞ்சாங் குளத்துக்கும் திருப்புவதற்குத் தனிக் கால்வாய்களே வெட்டியிருக்கிறார்கள். நகருக்குக் கிழக்கே இதே வேலையை 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதை செய்கிறது, 2007இலிருந்து. சுரங்கம் பொறியியல் அதிசயமாகத் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. குளங்களுக்கு அந்தப் புகழ் வரவில்லை. ஒரு பள்ளம் சும்மா கிடப்பதைப் படமெடுப்பது கஷ்டம்.

வடக்கிலிருந்து வரும் ஆறுகளில் தமிழர்களுக்கு மிகவும் தெரிந்தது பத்து ஆறு. தைப்பூசத்தன்று காவடிக்காரர்கள் குளித்தெழும் அதே ஆறுதான். மேலே 1980களில் கட்டிய பத்து அணை, நடுவில் பத்துமலை, கீழே இந்தக் குளங்கள். பிறகு கோம்பாக்கில் கலந்து, அது மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் கலந்து, பிரிக்பீல்ட்ஸைத் தொட்டு, ஷா ஆலமைச் சுற்றி, கிள்ளான் நகரத்தின் ஊடாகக் கடலுக்குப் போகிறது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் 2021 டிசம்பர் 18 விளங்கும்.

அன்று ஒரு மாத மழையைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றங்கரைத் தாழ்நிலம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் குடியிருப்பு. மக்கள் மாடியிலும் கூரையிலும் இரவைக் கழித்தார்கள், சொந்தப் படகோடு வந்த ஆட்கள் பலரை இறக்கிக் கொண்டுபோனார்கள், அரசின் உதவி தாமதமானது என்ற கோபம் இன்றும் அங்கே அடங்கவில்லை. நீர் வடிந்தபின் தெருவோரங்களில் மெத்தை, குளிர்பதனப் பெட்டி, சாமி படம், பள்ளிப் புத்தகம் என்று குவியல் குவியலாகக் கிடந்தன. மேல்கரையில் பிடித்துவைக்கும் ஒவ்வொரு சொட்டும் கீழே இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகாத சொட்டு. கெப்போங்கில் பட்டம் பறப்பதும் கிள்ளான்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவதும் ஒரே பள்ளத்தை நம்பியிருக்கின்றன.

ஆனால் சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் இந்த ஊரில் சிலருக்குக் கை அரிக்கும். வெள்ளநீர்க் குளங்களைச் சேர்ந்த நிலம் தனியார் மேம்பாட்டுக்குக் கைமாறிய விவகாரம் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது. வடக்குக் குளங்களின் பெயர்களும் அதில் அடிபட்டன. குளத்தைச் சட்டப்படி ஒதுக்கீடாக அரசிதழில் வெளியிடாதவரை அது வெறும் காலி மனைதான். கரையைக் கொஞ்சம் நிரப்பி நாலு கோபுரம் எழுப்பலாம் என்று காகிதத்தில் காட்டுவதும் சுலபம். 'ஏரிக் காட்சி வீடுகள்' என்று விளம்பரமும் எழுதிவிடலாம். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. வேளச்சேரி ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் தின்று வளர்ந்த தெருக்களில் 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது.

சரி, பூங்காவைக் காப்பாற்றுவோம் என்றால் எல்லாம் முடிந்துவிடுமா? தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் தங்கள் பூங்காவில் அடுக்குமாடி எழுப்பக் கொடுத்த மேம்பாட்டு ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பசுமை இடங்களுக்காகப் போராடும் எல்லோருக்கும் அது பெரிய தெம்பு.

அதே திட்டத்துக்குள் இன்னொரு தரப்பும் இருந்தது. அந்தப் பூங்கா இருக்கும் புக்கிட் கியாரா முன்பு ரப்பர் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் தோட்டம் போனபோது, வேலை செய்த தமிழ்க் குடும்பங்களைத் தற்காலிகம் என்று சொல்லி நீள்வீடுகளில் வைத்தார்கள். அந்தத் 'தற்காலிகம்' நாற்பது வருடத்தைத் தொட்டது. ரத்தான திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்கா வேண்டும் என்றவர்களும் அந்தக் குடும்பங்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறிய இடத்தில் வீடு கட்டித் தாருங்கள், கோபுரம் வேண்டாம் என்றார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் பேப்பரில் வெற்றிச் செய்தியை வாசித்த நீள்வீட்டுப் பாட்டிக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏரிக்கரையும் மரநிழலும் நடைபாதையும் 'வாழத் தகுந்த நகரம்' என்ற பட்டியலில் மேலே வருகின்றன. அந்த ஊரை உழைத்து உண்டாக்கியவர்களின் கூரை பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்காத பசுமைப் பேச்சு அரைகுறைப் பேச்சு.

வெயிலுக்கு வருவோம். கோலாலம்பூரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை 1970களிலேயே அளந்து எழுதத் தொடங்கியவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஷாம் சானி. மரமும் நீரும் உள்ள பூங்காப் பகுதிகள் குளுமைத் தீவுகளாக நிற்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. இன்று வானிலை ஆய்வுத் துறை வெயிலுக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் எச்சரிக்கை, 37ஐத் தொட்டால் வெப்ப அலை, 40ஐத் தாண்டினால் உச்சப் படி. 1998இல் பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் சாதனை, அதுவும் ஓர் எல் நினோ காலம்.

ஏரிகளால் தாக்குப்பிடிக்க முடியாத ஒன்று புகைமூட்டம். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் தென்மேற்குக் காற்று வீசும்போது சுமத்ராவின் கரிமண் காடுகள் எரிந்தால், நெடி கிள்ளானுக்கு வந்துவிடும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது, அவசரநிலையே அறிவித்தார்கள். 1997, 2015, 2019 என்று அந்தப் பட்டியல் நீளம். குறியீடு 100ஐத் தாண்டினாலே பள்ளிகளில் திடல் விளையாட்டு நின்றுவிடும். அந்த வாரங்களில் தித்திவங்சாவிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரம் இருக்கும் இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

கெட்ட நிலம் திருந்துமா என்று கேட்பவர்கள் கெப்போங்கிலேயே விடை பார்க்கலாம். மலேசிய வன ஆய்வுக் கழகம் நிற்கும் இடம் 1920களில் ஈயம் தோண்டிக் கைவிட்ட மண்ணும் காய்கறிப் பாத்திகளும்தான். அங்கே மரம் நட்டார்கள், 1929இல் ஆய்வு நிலையம் எழும்பியது, நட்டது காடானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கபூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் நடுவில் ஒளிக்கோடு விட்டிருப்பது தெரியும். பசியாறிவிட்டுப் போகலாம், ஆனால் ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் கார் நிறுத்த இடம் தேடுவதே ஓர் உடற்பயிற்சி.

போவதைப் பற்றிப் பேசினால் இன்னொரு குறையும் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயில் ஏறினால் தித்திவங்சா நிலையம்தான் கடைசி நிறுத்தம். அங்கே புத்ராஜெயா தடத்துக்கு மாறினால், செந்தூல் பாராட், கம்போங் பத்து, ஸ்ரீ டெலிமா, ஜிஞ்சாங், கெப்போங் பாரு என்று ரயில் நேரே குளங்களின் நாட்டுக்குள் போகிறது. 2023 மார்ச்சில் அந்தத் தடம் முழுதாகத் திறந்தபோது வடக்குவாசிகளுக்குப் பெரிய வரம் கிடைத்தது. பாடெல்லாம் நிலையத்தை விட்டு இறங்கிய பிறகுதான். பட்டம் விடும் பூங்காவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் லோரிகள் பறக்கும் வட்டச்சாலையும் நிழலில்லாத நடைபாதையும் குறுக்கே கிடக்கின்றன. நாலு மணி வெயிலில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதை நடந்து கடக்க எந்தத் தாத்தாவும் துணிய மாட்டார். அதனால் எல்லோரும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள், ஞாயிறு மாலையில் பூங்காவின் வாசல் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனைப் போல நெரிகிறது. சாலைக்கு மேல் ஒரு கூரை போட்ட பாலமும் வழியில் இரண்டு வரிசை அங்சானா மரமும் இருந்தால், கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ரயிலேறலாம்.